கருப்பு ஒயர், வலது காலில் மட்டும்

ஜூன் 4, புதன்

மேட்டுக்கரை ஆஸ்பத்திரியிலிருந்து மூன்றாவது வாரமாக போன். ஈசிஜி அறையில் வேலை பார்க்கும் பூங்கோதைதான். "மேடம், உங்க மெஷினு இன்னிக்கும் நடுங்குதுங்க" என்றாள்.

எங்கள் கம்பெனி மெஷின் முப்பத்துநான்கு ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. மற்ற முப்பத்துமூன்றும் வாயை மூடிக்கொண்டு ஓடுகின்றன. இது மட்டும் புதன்கிழமையானால் குளிர்ஜுரம் வந்ததுபோல் நடுங்குகிறது. வியாழக்கிழமை கேட்டால், இப்ப நல்லா இருக்குதுங்க மேடம் என்பாள். கிழமை பார்த்துக் கெடும் சர்க்யூட்டை முப்பது வருஷத்தில் இப்போதுதான் பார்க்கிறேன்.

நடுக்கம் என்பது அவர்கள் பாஷை. இதயத்தின் கோடு மெல்லிசாக வரவேண்டிய இடத்தில் ரம்பத்தின் பல் மாதிரி நெருக்கமாக வரும். சுவருக்குள் ஓடும் கரண்ட் செய்கிற வேலை அது. "கருப்பு ஒயர் மாட்டுனியா கண்ணு?" என்றுதான் முதலில் கேட்டேன். அந்த ஒயர் கழன்றால் இப்படித்தான் வரும். "கார்டுல போட்டிருக்கற மாதிரியேதானுங்க மேடம். ஒரு எழுத்துத் தப்பாம மாட்டறேன்" என்றாள். அந்தக் கார்டு நான் எழுதியது, லேமினேஷன் செய்து எல்லா மெஷினோடும் அனுப்பியது. அதைப் படித்து வேலை செய்கிற ஒரு ஜீவனாவது இருக்கிறதே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் கேஸ் தீர்ந்திருந்தது. இவர் வலது காலுக்கு ஒரு சைஸ் பெரிய செருப்பு வாங்கி வந்திருக்கிறார். இவரென்றால் என் வீட்டுக்காரர் தண்டபாணி, மோட்டர் ரீவைண்டிங் பட்டறை வைத்திருப்பவர். போன மாதம் பட்டறையில் செப்புக்கம்பித் துண்டு காலில் ஏறிவிட்டது. சர்க்கரை உடம்பு, டாக்டரிடம் காட்டுங்கள் என்றால், "அது எப்பவோ ஆறிப்போச்சு, நீ சோத்தைப் போடு" என்கிறார்.

ஜூன் 5, வியாழன்

நாள் முழுவதும் டேபிளில் மெஷினோடு மல்லுக்கட்டு. உடம்பே ஒரு கம்பிதான், சுற்றியுள்ள கரண்டின் இரைச்சலை இழுத்துக்கொள்ளும். வலது கை, இடது கை இரண்டிலும் அது ஒரே அளவில் ஏறும். இதயத்தின் துடிப்பு மட்டும் இரண்டிலும் வேறு வேறாக இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பொதுவான இரைச்சல் அடித்துக்கொண்டு போய், வேறுபாடு மட்டும் மிஞ்ச வேண்டும். சொல்வதற்கு என்ன, சுலபம். சர்க்யூட்டின் இரண்டு பக்கமும் மயிரிழை பிசகாமல் ஒத்திருந்தால்தான் கழித்தல் சரியாக வரும். பிசகினால் ரம்பப்பல்.

அதனால் ரெசிஸ்டர்களை ஜோடி பார்த்துப் பொறுக்கினேன். நூற்றிருபதில் பதினாறு தேறின. கண் எரிகிறது. பெண் பார்க்கப் போனவர்கள்கூட இப்படிச் சலித்துப் பொறுக்கியிருக்க மாட்டார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

துணி துவைத்தேன். மிஷினில் போடாமல் இவருடைய சாக்ஸை மட்டும் தனியாகக் கையில் கசக்கினேன். வலது கால் சாக்ஸில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு கறை. பட்டறையில் காயிலுக்கு அடிக்கும் வார்னிஷாக இருக்கும். வார்னிஷ் கறை அவ்வளவு லேசில் போகாது. இது இரண்டு தடவை சோப்பு போட்டதும் போய்விட்டது.

மத்தியானம் வெண்டைக்காய் புளிக்குழம்பு. பாதியில் எழுந்துவிட்டார்.

ஜூன் 11, புதன்

நடுங்குகிறதாம்.

ஜூன் 12, வியாழன்

மேனேஜர் சென்னியப்பன் சார் கூப்பிட்டு உட்கார வைத்தார். உட்கார வைத்தாலே வில்லங்கம்.

"ஏனுங்க மங்கை மேடம், எதுக்கு இத்தனை பாடு? செகண்டுக்கு ஐம்பது தடவை துடிக்கற கரண்ட வெட்டற ஃபில்டர உள்ளுக்குள்ளயே போட்டு மூடிரலாமுங்க. சுத்தமா கோடு வரும், அந்தப் புள்ளையும் போன் பண்ணாது."

"ஃபில்டர் கரண்டு எது, நெஞ்சு எதுன்னு பேரு கேட்டு வெட்டாதுங்க சார். அந்தச் சின்ன நெளிவுலதான் அட்டாக் வந்து போனது தெரியும். அதையும் சேத்து மழுக்கிரும். கோடு அழகா இருக்கும், ஆளு இருக்க மாட்டான்."

"இருபதாம் தேதி வரைக்கும் பாருங்க. அப்புறம் ஃபில்டர்தான்" என்றார்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் விண்ணென்று தெறிக்கிறது. வீட்டுக்கு வந்தால் கூடத்தில் ஒரு வாடை. எங்கேயோ எலி செத்திருக்கிறது. இவர் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டு, ஜூன் மாதத்தில் குளிர்கிறது என்கிறார்.

ஜூன் 14, சனி

எலியைத் தேடி பீரோவை நகர்த்தினேன். பாத்திர அலமாரியின் பின்னால் இல்லை. அட்டாலியில் ஏறி அட்டைப்பெட்டி, பழைய மெத்தை, பித்தளைக் குண்டா எல்லாவற்றையும் இறக்கினேன். எலியின் வால்கூட இல்லை. பினாயில் ஊற்றித் துடைத்தேன். அரைமணி நேரம் பினாயில் வாடை, அப்புறம் பழையபடி அதே.

இவர் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "விடு புள்ள, காஞ்சு போனா தானா அடங்கீரும்" என்றார். இவருக்குக் கை ஒத்தாசை செய்ய எழுந்திருக்கக்கூட முடியவில்லை பாருங்கள். கோபத்தில் மேட்டுக்கரைக் கதையைச் சொன்னேன், வேறு எதைப் பேச. புதன்கிழமைதோறும் பக்கத்தில் வெல்டிங் வேலை நடக்கிறதா, எக்ஸ்ரே மெஷின் ஓடுகிறதா, எர்த் கம்பி காய்ந்துவிட்டதா என்று நான் அடுக்க, இவர் சிரித்தார்.

"என்ற பட்டறைக்கு மோட்டரு கருகி வந்தா நான் மோட்டர முதல்ல தொடமாட்டேன். ஓட்டுனவன உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்துப் பேசுவேன். எல்லாம் அவன் வாயில இருந்தே வந்துரும். நீ டேபிள விட்டு எந்திரிச்சுப் போயி அந்தப் புள்ள என்ன பண்ணுதுன்னு கண்ணுல பாரு."

இதைச் சொல்லும்போது இவர் முகம் சிவந்திருந்தது. நெற்றியில் கைவைத்தேன், கொதித்தது. பாரசிட்டமால் கொடுத்தேன். திங்கட்கிழமை டாக்டர் என்றேன். சரி என்றார். இவ்வளவு சீக்கிரம் சரி சொல்கிற ஆளில்லை.

ஜூன் 17, செவ்வாய்

நேற்று டாக்டரிடம் போகவில்லை. காய்ச்சல் இறங்கிவிட்டது என்றார், நானும் பதினாறு ரெசிஸ்டரையும் பற்றவைத்துப் பார்க்கும் அவசரத்தில் இருந்தேன். டேபிளில் மெஷின் அற்புதமாக ஓடுகிறது. என் கையிலேயே கிளிப் மாட்டி எடுத்தேன், கண்ணாடியில் கோடு போட்ட மாதிரி இருந்தது. நாளை மேட்டுக்கரைக்கு நானே எடுத்துக்கொண்டு போகிறேன்.

ஊதுபத்தி இரண்டு பாக்கெட் வாங்கினேன்.

ஜூன் 18, புதன்

காலை ஆறரை பஸ். ஒன்பதுக்கு மேட்டுக்கரை. பூங்கோதையை நேரில் இப்போதுதான் பார்க்கிறேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது, தலைநிறையக் கனகாம்பரம். நான் வந்ததில் அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

புது சர்க்யூட்டை மாட்டினேன். முதல் ஆள் ஒரு கர்ப்பிணிப் பெண். சுத்தமான கோடு. இரண்டாவது ஒரு போலீஸ்காரர். சுத்தம். எனக்குள் குஷி கிளம்பிவிட்டது, பதினாறு ரெசிஸ்டருக்கும் பொட்டு வைக்கலாம் போல.

மூன்றாவது ஆள் ஊன்றுகோலை வாசலில் சாய்த்துவிட்டு, கதவைப் பிடித்துத் தத்தி உள்ளே வந்தார். நாச்சிமுத்து, அறுபது வயதிருக்கும், விசைத்தறியில் வேலை பார்த்தவர். வலது கால் முட்டிக்கு மேலேயே முடிந்துவிட்டது, வேட்டியை மடித்துச் செருகியிருந்தார். அவரை நிமிர்ந்து பார்த்தபோதுதான் வாசல் பெஞ்சையும் பார்த்தேன். ஆறேழு பேர், அதில் நாலு பேருக்குக் கால் குறை. "புதன்கிழமை சக்கரைக் கால் ஓ.பி.ங்க மேடம்" என்றாள் பூங்கோதை.

அவரைப் படுக்கவைத்தாள். சிவப்பை வலது கையில் மாட்டினாள். மஞ்சளை இடது கையில். பச்சையை இடது காலில். கருப்பை அழகாகச் சுருட்டிக் கட்டில் கம்பியில் தொங்கவிட்டாள். பட்டனை அமுக்கினாள். ரம்பம்.

"கண்ணு, கருப்பு?"

"அய்யாவுக்கு வலது காலு இல்லீங்களே மேடம்" என்று சுவரைக் காட்டினாள். என் கார்டு. சிவப்பு எழுத்தில், அடிக்கோடு போட்டு, என் வாக்கியம்: கருப்பு ஒயர், வலது காலில் மட்டும். வேறு எங்கும் மாட்டக் கூடாது.

இரண்டு வருஷம் முன்னால் ஏதோ ஓர் ஊரில் கருப்பையும் சிவப்பையும் மாற்றி மாட்டிக் குழப்பினார்கள். அந்தக் கடுப்பில் நான் சேர்த்த 'மட்டும்'. நியாயமாகப் பார்த்தால் அந்தக் கருப்பு ஒயருக்கும் வலது காலுக்கும் ஒரு ஒட்டும் உறவும் கிடையாது. உடம்பில் ஏறிய இரைச்சலைத் தலைகீழாகப் புரட்டி உடம்புக்கே திருப்பி அனுப்பி அடக்குகிற ஒயர் அது. தோலில் எங்கே தொட்டாலும் வேலை செய்யும். வலது கால் ஒரு வழக்கம், அவ்வளவுதான். இதை நான் எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்! கார்டில் எழுதும்போது மட்டும் புத்தி புல் மேயப் போய்விட்டது.

கருப்பு கிளிப்பை அவருடைய இடது காலிலேயே, பச்சைக்கு ஒரு சாண் மேலே மாட்டினேன். ஜெல் தடவி, பட்டனை அமுக்கினேன். ரம்பம் போய்விட்டது. அவருடைய இதயம் ஒழுங்காக நடந்துபோவது தெரிந்தது.

"நடுக்கம் நின்னுருச்சுங்களா அம்மிணி?" என்றார். "நாலு வாரமா கண்ணு ஆப்பரேசனுக்கு அலையறனுங்க. நெஞ்சு நடுங்குது, அடுத்த வாரம் வாங்கன்னு திருப்பித் திருப்பி அனுப்பறாங்க. என்னமோ ஏதோன்னு பயந்து மகன்கிட்டச் சொல்லி நெலத்தக்கூட எழுதி வெக்கச் சொல்லிப்போட்டேன்."

பூங்கோதை அழுதுவிட்டாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று அவளிடமும் சொன்னேன், அவரிடமும் சொன்னேன். என் தப்பு என்றேன். சொல்லிவிட்டால் இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை.

கிளிப்பைக் கழற்றிக்கொண்டே, பேச்சை மாற்றத்தான் கேட்டேன், கால் எப்படிப் போச்சுங்க என்று.

"ஆணி ஒண்ணு ஏறுச்சுங்க. வலியே தெரியலீங்க, சக்கரை உடம்புல வலி எங்க தெரியுது. ஆறிப்போச்சுன்னு சொல்லிச் சொல்லி சாக்ஸ போட்டு மூடிட்டுத் திரிஞ்சேன். முதல்ல வாடைதானுங்க வந்துது. எலி செத்துக் கெடக்குதுன்னு என்ற ஊட்டுக்காரி பாவம், அட்டாலி பூராத்தையும் எறக்கிப்போட்டுத் தேடுனா."

அதற்கு மேல் அவர் என்ன சொன்னார் என்று தெரியாது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பூங்கோதை சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லிப் பின்னாலேயே வந்தாள்.

பகல் இரண்டு மணிக்கு வீடு. இவர் கட்டிலில் இருந்தார். சாக்ஸைக் கழட்டுங்க என்றேன். "எதுக்கு இப்ப" என்றார். நானே உட்கார்ந்து கழற்றினேன். சாக்ஸுக்குள் இன்னொரு சாக்ஸ். அதற்குள் பாலிதீன் கவர். அதற்குள் இருந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஜூன் 19, வியாழன்

ஆஸ்பத்திரி. நேற்று மாலையே சேர்த்துவிட்டார்கள். சர்க்கரை நானூற்று எண்பது. அழுகல் பாதத்தோடு நிற்கவில்லை, மேலே ஏறிவிட்டது. சர்ஜன் சின்னப் பையன் மாதிரி இருக்கிறார், ஆனால் நிதானமாகப் பேசினார். "அம்மா, முட்டிக்குக் கீழ எடுத்தாகணும். நாளைக்குக் காலையிலயே. தள்ளிப்போட்டா ரத்தத்துல கலந்துரும். இப்பன்னா கால் மட்டும்தான் போகும்."

மட்டும்.

ஆப்பரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர் ஈசிஜி கேட்டார். தள்ளிக்கொண்டு வந்தார்கள், பார்த்தால் எங்கள் மெஷின். வரிசை எண் பத்தொன்பது. சைடில் என் கார்டு தொங்குகிறது. வலது கால் பாதத்திலிருந்து தொடைவரை கட்டு. நர்ஸ் மூன்று கிளிப்பை மாட்டிவிட்டு, கருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கட்டைப் பார்த்தாள், கார்டைப் பார்த்தாள், ஒயரைக் கீழே விட்டாள். ஈசிஜி காகிதப் பட்டை பூராவும் ரம்பம் வந்தது.

டாக்டரம்மா பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "இதுல எனக்கு ஒண்ணும் தெரியலை. சுகர் பேஷன்ட்டுக்கு வலியே இல்லாம அட்டாக் வந்து போயிருக்கலாம். இதை நம்பி நான் மயக்க மருந்து குடுக்க முடியாது. ஃபில்டர் போட்டு எடுத்துக் காட்டினாலும் ஒத்துக்க மாட்டேன். ஆப்பரேஷனை ரெண்டு நாள் தள்ளி வச்சுக்கலாமா?"

"தள்ளிப்போட ஆகாதுங்க" என்றேன். நர்ஸிடமிருந்து கிளிப்பை வாங்கி இவருடைய இடது காலில், பச்சைக்கு மேலே மாட்டினேன். "ஏம்மா, அது வலது கால் மட்டும்னு போட்டிருக்கு, தொடாதீங்க!" என்று நர்ஸ் அதட்டினாள். "அதை எழுதினவ நாந்தான், எடுங்க" என்றேன்.

சுத்தமாக வந்தது. டாக்டரம்மா பேனா முனையை ஒவ்வொரு நெளிவின் மேலும் வைத்துப் பார்த்தார். பழைய அட்டாக் இல்லை. கையெழுத்துப் போட்டார்.

இவர் படுத்தபடியே, "பாத்தியா, டேபிள விட்டு எந்திரின்னு சொன்னேன்ல" என்றார். சிரிக்க வேறு செய்தார். எனக்கு அறையலாம் போல வந்தது.

ஜூன் 20, வெள்ளி

எடுத்தாகிவிட்டது. இவர் பிழைத்துக்கொண்டார்.

ஜூன் 23, திங்கள்

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து முப்பத்துநான்கு ஆஸ்பத்திரிகளுக்கும் போன் செய்தேன். கார்டில் இருக்கும் 'மட்டும்' என்ற வார்த்தையை அடித்துவிடுங்கள் என்று. பத்தொன்பது பேர் சரி என்றார்கள். எட்டுப் பேர் எடுக்கவில்லை. ஏழு பேர், அட, எங்களுக்கும் அப்பப்ப நடுங்கும் மேடம், கரண்ட் கோளாறுன்னு விட்டுட்டோம் என்றார்கள். எத்தனை பேரை இப்படித் திருப்பி அனுப்பினார்களோ. கேட்க தைரியம் வரவில்லை.

சென்னியப்பன் சார் போனில், "அப்ப ஃபில்டர் வேண்டாமுங்களா?" என்றார். அதோடு, "ஐயா எப்படி இருக்காருங்க?" என்றும் கேட்டார். இரண்டுக்கும் பதில் சொன்னேன்.

ஜூன் 27, வெள்ளி

கட்டு மாற்றும்போது இவர், "உங்கிட்டச் சொல்லியிருந்தா மெஷின விட்டுப்போட்டு என்ற பின்னால ஓடியாந்திருப்பே. இருவதாந்தேதி கெடு இருந்துச்சல்ல. அதான் பொத்தி வச்சேன்" என்றார்.

ஊரே மெச்சும் தியாகி. வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர் எட்டிப்பார்க்கும் அளவுக்குத் திட்டினேன். திட்டி முடித்து வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவும்போது, நான் அவரை மட்டும் திட்டவில்லை என்று தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாக்ஸைக் கையில் கசக்கினேனே, அது வார்னிஷ் இல்லை. வார்னிஷ் எப்படி நாறும் என்று இருபத்தெட்டு வருஷமாக எனக்குத் தெரியும். மற்ற துணியோடு சேர்க்காமல் ஏன் அதைத் தனியாக எடுத்தேன்? மைக்ரோவோல்ட் வரை அளக்கிற எனக்கு மூக்கு இல்லையா? தெரிந்துவிட்டால் அப்புறம் ஓட வேண்டும், அலைய வேண்டும். எனக்கு அசதியாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். எலி என்று சொல்லிக்கொள்வது சுலபமாக இருந்தது.

இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

வீட்டில். வாக்கர் நிலைப்படியில் இடிக்கிறது. பாத்ரூமுக்குக் கைப்பிடி அடிக்க ஆள் வரவேண்டும், வரவில்லை.

பூங்கோதை போன் செய்தாள். பதறி எடுத்தேன். "சும்மாதானுங்க மேடம், புதன்கிழமை போன் பண்ணாம ஒரு மாதிரி இருந்துச்சு" என்கிறாள், வாயாடி. நாச்சிமுத்துவுக்குக் கண் ஆப்பரேஷன் ஆகிவிட்டதாம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து காட்டினாராம்.

ஜூலை 16, புதன்

புதுக் கார்டு அச்சுக்குப் போக வேண்டும். எழுதி வைத்ததை இவரிடம் படித்துக் காட்டினேன்: கருப்பு ஒயர், வலது கால். வலது கால் வசதிப்படாவிட்டால்...

"நிறுத்து, நிறுத்து. வசதிப்படாவிட்டாலா? கல்யாணத்துக்கு வர வசதிப்படலைன்னு போன்ல சொல்ற மாதிரி இருக்குது. இல்லாவிட்டால்னு எழுது. பூங்கோதைக்கு வெளங்கற மாதிரி எழுது. இன்னும் எதுக்குப் பொத்திப் பொத்தி வெக்கறே?"

எழுதினேன். கருப்பு ஒயர், வலது கால். வலது கால் இல்லாவிட்டால் இடது காலில், பச்சைக்கு மேலே. இரண்டு காலும் இல்லாவிட்டால் இடுப்பில். எங்காவது கட்டாயம் மாட்ட வேண்டும். தொங்கவிடக் கூடாது.

அப்போது சொன்னேன், சாக்ஸ் விஷயத்தை. வார்னிஷ் இல்லையென்று எனக்கு அன்றைக்கே தெரியும் என்றேன். அவர் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார். "தனியா காயப்போட்டிருந்தியே, பாத்தேன்."

கம்பெனியிலிருந்து நான் சோதனைக்குக் கொண்டுவந்திருந்த புது மெஷின் பக்கம் திரும்பினார். "மெஷின கொண்டாந்திருக்கியே, எதுக்கு? எனக்கு மாட்டிப் பாரு. உனக்கு இதுக்குத் தோதான ஆளு வேற எங்க கெடைக்கும்?" என்று படுத்துக்கொண்டார்.

சிவப்பு வலது கை. மஞ்சள் இடது கை. பச்சை இடது கால். கருப்பு, அதற்கு மேலே. கம்பெனிச் சோதனைப் புத்தகத்தில் எழுதியதை அப்படியே இங்கும் எழுதிவைக்கிறேன்:

மெஷின் எண் 35. சோதனைக்குப் படுத்தவர் தண்டபாணி, வயது 58, வலது கால் இல்லை. முதல் பட்டையில் நடுக்கம். ஒயர்கள் சரி. சர்க்யூட் சரி. கரண்டின் இரைச்சலாக இருந்தால் பல் எல்லாம் ஒரே சீராக இருக்கும், இது சீராக இல்லை, தசை நடுக்கம். படுத்திருந்தவர் அழுதுகொண்டிருந்தார். சோதனை பத்து நிமிடம் நிறுத்தப்பட்டது. இரண்டாவது பட்டை சுத்தம்.